இங்கிலீஷ்ல ‘ஆக்கும்’ கிடையாது

இந்தக் கன்னத்தக் கொஞ்சம் பாருங்க அண்ணாச்சி. தடிச்சிருக்கா? வெளிய தெரியாது போல. உள்ள கடவாப்பல்லு ஒண்ணு ஆடிக்கிட்டுக் கெடக்கு. முந்தாநேத்து ஒரு பொம்பள அறைஞ்சுட்டா. ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு, ஆட்டோ ஸ்டாண்டுக்காரன், இளநிக்காரன், டீ குடிக்க வந்த நர்சுப் பிள்ளைக அத்தனை பேரும் பாக்க, பளார்னு ஒண்ணு. நான் திருப்பி அடிக்கலை. அதுதான் விஷயம். கை தன்னால மடங்கிட்டு, ஆனா அடிக்கலை. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இருந்த லிங்கதுரையா இருந்தா அவ இந்நேரம் எந்தப் பல் டாக்டர் நல்லவன்னு விசாரிச்சுக்கிட்டு இருப்பா.

சிரிங்க, சிரிங்க. பஸ்ஸுல வேற என்ன வேலை நமக்கு.

நான் கவுன்சிலர். எந்த வார்டுன்னு கேட்டுராதீங்க, பாக்கவன் எல்லாம் அதத்தான் கேக்கான். ஒருத்தன் வீட்டுக்கே வந்துட்டான், தெருவுல சாக்கடை அடைச்சிருக்குன்னு. நான் அந்தக் கவுன்சிலர் இல்ல. மனசுக்குப் பாக்கவன். எங்க தெருவுல கோட்டிக்கு வைத்தியம் பாக்கவன்னு சொல்லுவானுவ. வைத்தியம் டாக்டர் பாப்பாக. மருந்து மாத்திரை எல்லாம் அவுக பாடு. நான் பேச வைப்பேன். இன்னா, இதுதான் லைசென்ஸ். பிளாஸ்டிக் கவர் போட்டு வச்சிருக்கேன். தொட்டுப் பாருங்க. கையில எண்ணெய் இல்லையே? இன்னைக்கு நாகர்கோவில்ல எனக்கு இன்டர்வியூ. ஒரு காலேஜுல பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகர் வேலை. கெடைச்ச மாதிரிதான்.

அதுக்கு முன்னாடியா? செக்யூரிட்டி சூப்பர்வைசர். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில, பதினோரு வருஷம். கேஷுவாலிட்டி வாசல்ல நிக்கணும். அது ஆஸ்பத்திரி இல்ல அண்ணாச்சி, அது சண்டைக்களம். கொண்டு வந்த ஆளு செத்துப்போயிட்டான்னா கூட வந்தவன் டாக்டரைத்தான் அடிப்பான். கண்ணாடிய உடைப்பான். நர்ஸு முடியப் பிடிப்பான். நான் எத்தனை மணிக்கட்டத் திருகியிருக்கேன்னு எனக்கே தெரியாது. ஒருத்தன் மூக்க உடைச்சுட்டு அதே கேஷுவாலிட்டியில அவனுக்குப் பஞ்சு வச்சு விட்டிருக்கேன். பெறவு அவனே ‘அண்ணே’ன்னு பொங்கலுக்குக் கரும்பு கொண்டாந்தான். என் கை அப்படி.

அப்ப ஒரு நாள் என்னாச்சுன்னா, ஒருத்தன் பொண்டாட்டி பிரசவத்துல போயிட்டா. அவன் குளுக்கோஸ் ஏத்துற ஸ்டாண்டைப் பிடுங்கி ஓங்கிட்டு நிக்கான். இரும்பு. பட்டா மண்டை பிளந்துரும். எல்லாரும் ஓடிட்டானுவ. நான் மட்டும் கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு அவன் முன்னால போய் நின்னேன். கண்ணப் பாத்துப் பேசினேன். ரெண்டே நிமிஷம். ஸ்டாண்டைப் போட்டுட்டு மடங்கி உக்காந்துட்டான். இத அந்தப் பக்கம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால நின்னு மனநல டாக்டரம்மா பாத்திருக்காக. டாக்டர் ஹெப்சிபா. வந்து என் கையப் பிடிச்சாக. “லிங்கதுரை, படிச்சவங்களுக்கே வராது இது. அடிக்காம ஒரு ஆளை நிறுத்திட்டீங்களே, நீங்க ஏன் கவுன்சிலிங் படிக்கக் கூடாது?”ன்னாக.

அவுக கண்ணாடிக்கு அந்தப் பக்கம்லா. என்ன பேசினேன்னு காதுல விழலை. நான் என்ன பேசினேன்? “அடிச்சிருவியாக்கும்? எங்க, அடி பாப்போம். பொண்டாட்டியக் காப்பாத்தத் துப்பில்ல, ஸ்டாண்டத் தூக்க வந்துட்டான்”னேன். அவ்வளவுதான். அடங்கிட்டானா இல்லையா? அதச் சொல்லுங்க.

எனக்கு ஏற்கனவே ஒரு பி.ஏ. உண்டு, தபால்ல முடிச்சது. அதுக்கு மேல உளவியல் எம்.எஸ்ஸி.யும் தபால்லயே போட்டேன். மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை மதுரையில வகுப்பு. நாப்பத்தி மூணு வயசுல, நண்டும் சிண்டுமா பிள்ளைக நடுவுல நான் மட்டும் மீசைய வச்சுக்கிட்டு. படிப்பு முடிஞ்சாலும் உடனே லைசென்ஸ் கிடையாது. ஒரு டாக்டருக்குக் கீழ இருநூறு மணி நேரம் ஆளுகளோட உக்காந்து பேசணும். பேசினத ஒரு நோட்டுல எழுதணும். டாக்டர் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும். அதுக்குப் பெறவுதான் பேரு பதிவாகும்.

அதுல மொதப் பாடம் என்ன தெரியுமா? புத்தி சொல்லக் கூடாது. வந்தவன் என்ன சொல்லுதானோ அத அவன் வார்த்தையாலயே அவனுக்குத் திருப்பிச் சொல்லணும். அவன் ‘எனக்குக் கோவமா வருது’ன்னா நாம ‘உங்களுக்குக் கோவமா வருது’ங்கணும். அவன் மனச அவனுக்கே காட்டுத மாதிரி. வாத்தியார் இங்கிலீஷ்ல செஞ்சு காட்டினாரு. பாக்க அவ்வளவு அழகா இருந்திச்சு. ஒரு பிள்ளை நெசமாவே அழுதுட்டு.

ஊருக்கு வந்து மொதல்ல எம் பொண்டாட்டிட்டச் செஞ்சு பாத்தேன். சுயம்புகனின்னு பேரு. அடுப்படியில தோசை ஊத்திக்கிட்டு இருக்கா. “இந்த வீட்டுல நான் ஒரு வேலைக்காரி”ன்னா. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, புத்தகத்துல சொன்ன மாதிரி முன்னால குனிஞ்சு உக்காந்து, “இந்த வீட்டுல நீ ஒரு வேலைக்காரி”ன்னேன். தோசைத் திருப்பி பறந்து வந்து புருவத்துல விழுந்திச்சு. இன்னா பாருங்க தழும்பு. நானும் ஒண்ணு குடுத்தேன். சாதாரணமாத்தான். காதுல ரெண்டு நாளு இரைச்சலா இருக்குன்னா. பெறவு சரியாயிட்டு.

ஆஸ்பத்திரியில மொதல்ல அனுப்பின ஆளு ஒரு லாரி டிரைவர். குடியை விட வந்தவன். உக்காந்ததும், “எம் பொழப்பு நாய்ப் பொழப்பு சார்”ன்னான். “உங்க பொழப்பு நாய்ப் பொழப்பு”ன்னேன். “என்னல சொன்ன?”ன்னு சட்டையப் பிடிச்சுட்டான். நான் புத்தகத்த விட்டுக் குடுக்கலை. “என்னல சொன்னன்னு கேக்கீங்க”ன்னேன். விட்டான் பாருங்க ஒண்ணு நெஞ்சுல! நாற்காலியோட விழுந்தேன். எந்திரிச்சு அவன் கழுத்தை இடுக்கி சுவத்தோட சாத்துனப்பதான் எனக்கு மூச்சு வந்திச்சு. டாக்டரம்மா ஓடி வந்து பிரிச்சு விட்டாக. அவுகளுக்குச் சிரிப்பு அடக்க முடியலை. “அப்படியே கிளிப்பிள்ளை மாதிரி சொல்லாதீங்க. அவங்க உணர்ச்சிய மட்டும் சொல்லுங்க”ன்னாக. அடுத்த ஆளுட்ட “கோவமா இருக்கீங்க”ன்னேன். “யாருக்குவே கோவம்? எனக்கா கோவம்?”னு மேசையத் தட்டுனான்.

நம்ம பக்கத்துல ஒருத்தன் சொன்னதத் திருப்பிச் சொன்னா அது சண்டைக்கு இழுக்கதுதானே அண்ணாச்சி? ‘வெட்டுவேன்’னா ‘வெட்டுவியா’ம்போம். ‘ஆமா வெட்டுவேன்’னு அவன் வருவான். அப்படித்தானே ஊருல பாதிக் கொலை விழுது. இத அந்த மதுரை வாத்தியாருக்கு யாரு சொல்லுவா.

ஒரு வாரம் மண்டைய உடைச்சுக்கிட்டேன். அப்பதான் ஒண்ணு கண்டுபிடிச்சேன். ‘ஆக்கும்.’ கடைசியில ஒரு ஆக்கும் போட்டுப் பாத்தேன். “எம் பொழப்பு நாய்ப் பொழப்பு”ன்னா, “நாய்ப் பொழப்பாக்கும்?” அம்புட்டுதான். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேக்கணும். “பின்ன என்ன சார், கேளுங்க...”ன்னு அரை மணி நேரம் கொட்டுவான். “மாமியா என்ன மதிக்கலை”ன்னு ஒரு பிள்ளை வரும். “மதிக்கலையாக்கும்?” மதகத் தெறந்து விட்ட மாதிரி வரும். எந்தப் புத்தகத்துலயும் இல்லாத வித்தை. நானாக் கண்டுபிடிச்சது. என்ன ஒண்ணு, குரலைத் தாழ்த்தாமக் கேட்டா சீண்டுத மாதிரி அர்த்தம் ஆயிரும். அது உங்களுக்கே தெரியும்.

நோட்டை இங்கிலீஷ்ல எழுதணும். இங்கிலீஷ்ல ஆக்கும் கிடையாது. ‘நாய்ப் பொழப்பாக்கும்’னு கேட்டத நான் ‘உங்கள் வாழ்க்கை கஷ்டமாக இருப்பதாக உணர்கிறீர்கள்’னு இங்கிலீஷ்ல எழுதிருவேன். டாக்டரம்மா படிச்சுட்டு, “அருமை லிங்கதுரை, நல்லா முன்னேறிட்டீங்க”ம்பாக. எழுதுறதுக்கு வசதியா எல்லாத்தையும் ஃபோன்ல பதிஞ்சு வச்சுக்கிடுவேன், வாரவன்ட்டக் கேட்டுக்கிட்டுத்தான். நோட்டு எழுதினதும் அழிச்சிரணும்னு டாக்டரம்மா உத்தரவு. நான் அழிக்க மாட்டேன். ராத்திரி படுத்துக்கிட்டுக் கேப்பேன். என் குரல் ரேடியோவுல பேசுத குரல் மாதிரி இருக்கும்.

நூத்து இருபதாவது மணி நேரத்துலதான் இவன் வந்தான். பேரு சொல்லக் கூடாது, ரகசியம். கொம்பையான்னு வச்சுக்கிடுங்க. வச்சுக்கிடது என்ன, அவன் பேரே கொம்பையாதான். களக்காட்டுப் பக்கம். ஏத்தன் வாழை போட்டிருக்கான். பம்புசெட்டுச் சுவத்துல தன் தலையத் தானே முட்டி உடைச்சுக்கிட்டு வந்தான். பதினாலு தையல். தையல் போட விடாம கட்டில்ல கெடந்து எகிறுதான். நானும் இன்னொருத்தனும் சேந்துதான் கையக் காலக் கட்டினோம். தெளிஞ்ச பெறவு டாக்டரம்மா என்ட்ட அனுப்பினாக. கோவத்தக் கொறைக்க.

கோவம் யாரு மேலன்னா அண்ணங்காரன் மேல. மாடக்கண்ணு. ரெண்டு பேருக்கும் பொதுக் கிணறு. ஒரு நாள் தண்ணி அவனுக்கு, மறுநாள் இவனுக்கு. இவன் முறை வார அன்னைக்கு மாடக்கண்ணு வந்து ஃபியூஸ் கட்டையப் பிடுங்கி மடியில செருகிக்கிட்டுப் போயிருவான். இங்க வாழை காஞ்சு தண்டோட ஒடியும். போய்க் கேட்டா அடிப்பான். பொண்டாட்டி பிள்ளைக பாக்க, கன்னத்துல, பெடதியில. அடிச்சுட்டுச் சிரிப்பான். “உன்னால என்னல செய்ய முடியும்?”னு சிரிப்பான். ஒருக்க இவன் வேட்டிய உருவிட்டு விட்டிருக்கான், ஊரே பாத்திருக்கு. “அடிச்சது கூட மறந்து போவுது சார். அந்தச் சிரிப்புதான் சார் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு”ன்னு கொம்பையா சொல்லுவான். நான், “சிரிச்சானாக்கும்?”னு கேப்பேன். பேசுவான். வேர்த்து ஊத்தும். ஆறு தடவை வந்தான். வார வாரம் செவ்வாக்கிழமை காலையில பத்து மணிக்கு முதல் ஆளா வந்து உக்காந்திருப்பான். “எம் பேச்சை மனுசன்னு மதிச்சுக் கேட்டது நீங்க ஒருத்தர்தான் சார்”ன்னான் ஒருக்க. எனக்குக் கண்ணு கலங்கிட்டு, பொய் சொல்லலை.

நாலாவது தடவை வந்தப்பவே “அவன வெட்டணும் போல இருக்கு”ன்னான். டாக்டரம்மா நோட்டைப் பாத்துட்டு, “இது கவனிக்கணும் லிங்கதுரை, நெசமாச் செய்வாரா?”ன்னு கேட்டாக. நான், “சும்மா வாய்ச் சவடால் டாக்டர். பதினோரு வருஷம் கேஷுவாலிட்டியில நின்னவன் நான். வெட்டுறவன் மூஞ்சி எனக்குத் தெரியும்”னேன். நம்பினாக.

ஏழாவது தடவை. செவ்வாக்கிழமை. வந்தான், பேசினான், போனான். நான் நோட்டுல ‘அமைதியாகச் சென்றார்’னு இங்கிலீஷ்ல எழுதி வச்சேன். அமைதியாத்தான் போனான்.

அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். கேஷுவாலிட்டியில இருந்து பழைய பயலுவ கூப்பிடுதானுவ. “அண்ணே, வெட்டுக்கேஸ் ஒண்ணு வந்திருக்கு, கூட்டம் ஜாஸ்தி, கொஞ்சம் வாங்கண்ணே”ன்னு. கவுன்சிலர் ஆனாலும் கூப்பிட்டா போயிருவேன். போனா, ஆட்டோவுல கெடக்கான். இடது தோளு கீழ தனியாத் தொங்குது. கழுத்துல ஒண்ணு, அதுல சத்தம் வருது, காத்து போயிட்டு வார சத்தம். தடுத்திருக்கான் போல, வலது கையில மூணு விரலு கிடையாது. ஸ்ட்ரெச்சர்ல நான்தான் கக்கத்துல கை குடுத்துத் தூக்கினேன். என் பேண்டு எல்லாம் நனைஞ்சிட்டு. டாக்டர் வந்து பாக்கதுக்குள்ள அந்தச் சத்தம் நின்னுட்டு. இடுப்புல ஏதோ கட்டியா உறுத்துதேன்னு எடுத்துப் பாத்தா, ஃபியூஸ் கட்டை.

அப்பதான் அண்ணாச்சி எனக்குத் தெரிஞ்சது, யாரு இதுன்னு. பதினோரு வருஷத்துல நான் பயந்தது அன்னைக்குத்தான். எதுக்குன்னா, இருநூறுல இன்னும் முப்பத்தி மூணு மணி நேரம் பாக்கி இருந்திச்சு.

பாத்தவுக சொன்னது இதுதான். கொம்பையா பாத்தி கட்டிக்கிட்டு இருந்திருக்கான். மாடக்கண்ணு வந்து மோட்டாரை அமத்தி, கட்டையப் பிடுங்கிட்டு, “என்னல மொறைக்க? வெட்டிருவியோ?”ன்னு சிரிச்சிருக்கான். இவன் பைய நடந்து வந்து வெட்டினானாம். ஏழு வெட்டு. பெறவு வாய்க்கால்ல அரிவாளக் கழுவி, மேலு காலு கழுவி, ஈர வேட்டியோட ஸ்டேஷனுக்கு நடந்தே போயிட்டான்.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு விட்டாக. அவுக மூஞ்சி வீங்கியிருந்திச்சு, அழுதிருப்பாக. “கடைசித் தடவை ஏதாவது சொன்னாரா? நாம எதையாவது கவனிக்காம விட்டுட்டோமா?”ன்னு கேட்டாக. நோட்டை எடுத்து வச்சேன். ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் படிச்சாக. இங்கிலீஷ்ல தேன் மாதிரி இருக்கும் என் நோட்டு. கடைசியில, “நீங்க எல்லாம் முறையாத்தான் செஞ்சிருக்கீங்க”ன்னு சொல்லி மூடினாக. எனக்கு மூச்சு வந்திச்சு. மீதி மணி நேரத்தயும் முடிச்சேன். ஒரு அடிதடி இல்லாம முடிச்சேன். கையெழுத்தும் போட்டுட்டாக.

போன வாரந்தான் அவ வந்தா. கொம்பையா பொண்டாட்டி பேச்சித்தாய். ரெண்டு பொம்பளப் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு. சின்னது தூங்குது இடுப்புல. “சார், அன்னைக்குக் காலையில அவுக உங்கட்ட வெட்ட மாட்டேன்னு சொல்லி அழுதாகளாமே. உங்க ஃபோன்ல இருக்காமே. வக்கீல் கேக்காரு சார். திட்டம் போட்டுப் போய் வெட்டினான்னு கேசு எழுதியிருக்கு. காலையில வெட்ட மாட்டேன்னு அழுத மனுசன், சாயங்காலம் அந்தாளு வம்புக்கு வந்ததாலதான் கை ஓங்கினாருன்னு அதப் போட்டுக் காட்டினா ஆயுசு முழுக்க உள்ள கெடக்க வேண்டாம், வருஷம் கொறையும்ங்காரு. பிள்ளைகளுக்கு அப்பா முகம் மறக்குததுக்குள்ள வந்துருவாரு சார்”ன்னா. கைய எடுத்துக் கும்பிட்டா. எனக்கும் பாவமா இருந்திச்சு. “ரெண்டு நாளு கழிச்சு வாம்மா”ன்னு அனுப்பினேன்.

அன்னைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்து குளியலறையில கதவத் தாப்பாப் போட்டுக்கிட்டு, தண்ணியத் தெறந்து விட்டுட்டு, அதப் போட்டுக் கேட்டேன். அதுவரைக்கும் அத மட்டும் நான் கேக்கவே இல்ல. பத்தொம்பது நிமிஷம். ரெண்டு தடவை கேட்டேன். சுயம்புகனி கதவத் தட்டி, “உள்ள யாரு அழுகா?”ன்னா. “உன் சோலியப் பாரு”ன்னேன். பெறவு அழிச்சிட்டேன்.

ஏன் அழிச்சேன்னா, ரகசியம் அண்ணாச்சி. எங்க தொழிலுக்கு மொத நியாயமே அதுதான். வந்தவன் பேசினது நாலு சுவத்துக்குள்ள. போலீஸு வரட்டும், கோர்ட்டு வரட்டும், வெளிய விடக் கூடாது. டாக்டரம்மா சொன்னதும் அதுதானே, எழுதினதும் அழிச்சிருன்னு? நான் கொஞ்சம் லேட்டாச் செஞ்சேன், அவ்வளவுதான். லைசென்ஸு கைக்கு வந்து பன்னெண்டு நாளுதான் ஆயிருந்திச்சு. வாங்கின உடனே நியாயத்த மீறலாமா? அவனே குடுக்கச் சொல்லுதான்னா குடுக்கலாம்னு ஏதோ ஒரு பக்கத்துல எழுதியிருக்கு. அதெல்லாம் பாத்தா தொழில் நடத்த முடியாது.

முந்தாநேத்து அவ திரும்பி வந்தா. வாசல்லயே பாத்துச் சொல்லிட்டேன், “அம்மா, அது ரகசியம். அழிச்சாச்சு”ன்னு. ஒரு கேள்வி கேட்டா. ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டு விட்டா பாருங்க அறை! நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கைய மடக்கிக்கிட்டு, குரலைத் தாழ்த்தி, “உங்களுக்குக் கோவமா இருக்கு”ன்னேன். சுத்தமா, ஆக்கும் போடாம, மதுரை வாத்தியார் சொன்ன மாதிரி. காறித் துப்பினா, சட்டையில. இந்தச் சட்டைதான், துவைச்சாச்சு. இளநிக்காரன் எந்திரிச்சு வந்து, “என்னம்மா, படிச்சவரைப் போய்”னு அவளப் பிடிச்சுத் தள்ளினான். சின்னப் பிள்ளை விழுந்து முட்டியில ரத்தம். எனக்கு என்ன வருத்தம்னா, அத்தனை பேரு பாத்தானுவளே, நான் திருப்பி அடிக்காம நின்னத ஒருத்தனாவது சொல்லணுமே. ஒருத்தனும் சொல்லலை.

அவ என்ன கேட்டான்னா கேக்கீங்க? சொல்லுதேன். உங்கட்டச் சொல்லுததுக்கு என்ன.

அன்னைக்கு அவன் மஞ்சப்பையோட வந்தான். உக்காந்ததும், “இன்னைக்கு எம் முறை சார். இன்னைக்கு அவன் வந்தான்னா வெட்டிருவேன் சார்”ன்னான். எனக்கு வெளிய இன்னொரு ஆளு காத்துக்கிட்டு இருக்கு. நான் குரலைத் தாழ்த்தலை. மறந்துட்டேன்னு வச்சுக்கிடுங்க. “வெட்டிருவீராக்கும்?”னேன். ஃபோன்ல கேட்டா, அந்தக் கேஷுவாலிட்டி வாசல் குரல்தான் அது. பெறவு அழுதான். அப்படி ஒரு அழுகை. “முடியாது சார். வெட்ட மாட்டேன் சார். எங்கண்ணன் சார் அவன். எங்கய்யா செத்தப்ப என்னைத் தோள்ல வச்சுச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனவன் சார்”ன்னான். அந்தப் பையத் தூக்கி என் மேசையில வச்சான். ணங்குன்னு சத்தம். வாழை வெட்டுற அரிவாள். “இது இங்கயே இருக்கட்டும் சார். ஒரு வாரம். இன்னைக்கு எங்கையில இருக்க வேண்டாம் சார்”ன்னான்.

நான் சிரிச்சேன் அண்ணாச்சி. கேட்டா எனக்கே அசிங்கமா இருக்கு, நல்லாப் பெருசா சிரிச்சிருக்கேன். “அதான பாத்தேன்”னேன். “எடுத்துட்டுப் போரும்வே. உம்மால என்ன செய்ய முடியும்?”னேன்.

“சரி சார்”ன்னான். அவ்வளவு மரியாதையா. பைய எடுக்குத சத்தம், நாற்காலிய இழுத்து இருந்த இடத்துலயே போட்ட சத்தம், கதவச் சாத்தின சத்தம். அதோட முடிஞ்சிட்டு.

அவ கேட்டது இதுதான். “அவுக குடுத்த அரிவாள ஏன் சார் திருப்பிக் குடுத்தீங்க?”

இப்ப அந்தப் பதிவு எங்கயும் கிடையாது. அவனுக்குத் தெரியும், ஜெயில்ல அவன் சொல்லி அவளுக்குத் தெரியும், அவுக சொன்னா எவன் நம்புவான். எனக்குத் தெரியும். இன்னைக்கு உங்களுக்குத் தெரியும். அன்னா, வள்ளியூர் வந்துட்டு. நீங்க எறங்கணும்லா? பாத்து எறங்குங்க அண்ணாச்சி, படி ஒசரம்.